ஐப்பசியிலிருந்து சித்திரைக்கு

கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத 61 நாட்கள் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகின்றன. தமிழ் நாட்காட்டியை எடுத்து வைத்துப் பார்த்தால், வருடப் பிறப்புக்கு மறுநாள் தொடங்கி ஆனி பிறப்பதற்கு முன் முடிகிறது. சித்திரையும் வைகாசியும் ஏறக்குறைய முழுதாக இதற்குள் அடங்கிவிடுகின்றன. புதுச்சேரிப் படகுகள் கரையேறி அடி சுரண்டப்படுவதும், பலகை மாற்றப்படுவதும், இன்ஜின் பிரிக்கப்படுவதும், சாயம் பூசப்படுவதும் இந்த இரண்டு மாதத்தில்தான். ஆனால் இதே கரையில் 250 ஆண்டுகளுக்கு முன் கலங்கள் ஒதுங்கிய காலம் வேறு. அப்போது கடல் மூடியது ஐப்பசி, கார்த்திகையில். சித்திரையில் துறை நிறையக் கப்பல் நின்றது. ஓய்வுக் காலம் ஆண்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது எப்படி? அரசு உத்தரவு போட்டது, அதனால் நகர்ந்தது என்பது எளிதான பதில். அது பாதிப் பதில்தான். ஒவ்வொரு காலத்திலும் எந்தக் கலம் ஓடியதோ அதன் பலவீனம்தான் அதன் ஓய்வு நாளையும் குறித்தது. இன்ஜின் வந்த பிறகு அந்தப் பலவீனம் பருவத்தோடு கொண்டிருந்த தொடர்பு அறுந்தது. அப்படி அறுந்ததால்தான் சட்டத்தால் ஓய்வைத் தூக்கிச் சித்திரையில் வைக்க முடிந்தது.

முதலில் கட்டுமரம். இலேசான மரத் துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த இந்தக் கலத்துக்கு உள்ளே இடம் என்று ஒன்று இல்லை; ஆகவே தண்ணீர் புகுந்து மூழ்கும் பேச்சுக்கும் இடமில்லை. அதன் எதிரி புயலைவிட ஈரம். தண்ணீரில் கிடக்கக் கிடக்க மரம் ஊறிக் கனக்கும், மிதக்கும் தன்மை குறையும், மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு உள்ளே குடியேறும். இதற்கு மருந்து, கரை வந்ததும் கயிற்றை அவிழ்த்து, துண்டு துண்டாகப் பிரித்து, மணலில் வெயில் படக் கிடத்துவது. மறுநாள் மறுபடி கட்டினால் அது மறுபடி கலம். ஆக, கட்டுமரத்துக்குப் பருவ ஓய்வு தேவைப்படவில்லை. அதன் ஓய்வு ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் இருந்தது. சங்க இலக்கியமான பட்டினப்பாலை பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் கரையில் தங்கியதைச் சொல்கிறது. அங்கும் பேச்சு நாளைப் பற்றியதுதான், மாதங்களைப் பற்றியதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிகாட்டி நூலான பெரிப்ளூஸ், பொதுக்கே என்ற துறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இதை அரிக்கமேடு என்று ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கிறார்கள். ஒற்றை மரங்களைப் பிணைத்துக் கட்டிய சங்கரா என்ற பெரிய கலங்களையும் அதே நூல் சொல்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அந்த இடத்தைப் போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். துறை கடலோரத்தில் இல்லை. அரியாங்குப்பம் ஆற்றின் வளைவில், கடலின் அடி நேரே விழாத இடத்தில் இருக்கிறது. ஒதுங்க ஆறு இருந்தவர்களுக்கு ஐப்பசி அத்தனை பெரிய பயமாக இருந்திருக்காது.

பயத்தைக் கொண்டுவந்தவை ஆற்றுக்குள் நுழைய முடியாத கப்பல்கள். ஐரோப்பியரின் பெரிய பாய்மரக் கப்பல்களுக்குப் புதுச்சேரியில் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும்; கரைக்கும் கப்பலுக்கும் இடையே சலங்குகள் ஓடும். பலகைகளைக் கயிற்றால் தைத்த, உள்ளே விலாச்சட்டம் இல்லாத படகு சலங்கு. அலை தூக்கி மணலில் அடித்தால் ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். கயிறு நைந்தால் தையலைப் பிரித்துப் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம். கப்பலுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. வாடைக்காற்று திரும்பியதும் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்பது தற்கொலைக்குச் சமம். காற்று நேரே கரையை நோக்கித் தள்ளும், ஓடி ஒளிய இடம் இருக்காது. அதனால்தான் சென்னையில் அக்டோபர் 15 ஆனதும் கோட்டைக் கொடி இறக்கப்பட்டது. கப்பல்கள் துறையைக் காலி செய்ய வேண்டும் என்பதற்கு அது அடையாளம். டிசம்பர் 15 வரை அங்கே நின்ற கப்பலுக்குக் காப்பீடு செல்லாது. 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, மீட்புப் பணம் வாங்கிக்கொண்டு நகரைத் திருப்பித் தருவதா என்று புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்ஸோடு வாரக்கணக்கில் சண்டை போட்டார். அந்த வழக்கைத் தீர்த்து வைத்தது இருவரும் இல்லை. அக்டோபர் 13-ம் தேதி இரவு வந்த புயல், துறையில் நின்ற அவருடைய கப்பல்களில் சிலவற்றை மூழ்கடித்து மற்றவற்றின் பாய்மரங்களை முறித்தது. மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். சென்னை துய்ப்ளேக்ஸ் கைக்குப் போனது.

கடல் மூடினால் நகரம் எதைத் தின்னும் என்ற கேள்வி வரும்போது வில்லியனூரும் பாகூரும் இந்தக் கதைக்குள் நுழைகின்றன. 1749-ல் ஆற்காட்டு நவாப் சந்தா சாகிப் இந்த இரு பகுதிக் கிராமங்களையும் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தபோது அவர்களுக்குக் கிடைத்தது வரி வருமானம் மட்டுமல்ல. கப்பலை விரட்டும் அதே மழைதான் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரியை நிரப்புகிறது. சங்கராபரணியில் தண்ணீர் வருகிறது, ஊசுட்டேரி தளும்புகிறது, சம்பா பிடிக்கிறது. கடற்கரைக்கு மூடுகாலம், நாட்டுப்புறத்துக்கு வேலைக்காலம். கடல்வழி அடைபட்ட மாதங்களில் நகரத்துக்கு முதுகெலும்பாக இருந்தது இந்த நெல் நிலம். இதை எதிரியும் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தான். 1760-ல் புதுச்சேரியை முற்றுகையிட வந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட் ஜூலையிலேயே வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தார். உள்நாட்டுப் பாதை போனதும் நகரம் கடலை மட்டுமே நம்ப வேண்டியதாயிற்று. ஐப்பசியில் ஆங்கிலக் கப்பற்படை வழக்கம்போல ஒதுங்கிப் போய்விடும், அந்த இடைவெளியில் ஏதாவது வந்து சேரும் என்பது பிரெஞ்சுக்காரர் கணக்கு. படையின் தலைவர் ஸ்டீவன்ஸ் பெரும்பாலான கப்பல்களோடு திரிகோணமலைக்குப் பழுது பார்க்கப் போனார். ஆனால் சில கப்பல்களை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். கணக்கு பொய்த்தது.

அதற்கு ஆங்கிலேயர் கொடுத்த விலையும் சின்னதல்ல. டிசம்பர் கடைசியில் ஸ்டீவன்ஸ் திரும்பி வந்து, துறை நிறையக் கப்பல் நிற்கும்போது, 1761 ஜனவரி 1-ம் தேதி புயல் விழுந்தது. சண்டர்லாந்து, டியூக் தக்கித்தேன் என்ற போர்க்கப்பல்கள் கவிழ்ந்தன. ஏறக்குறைய 1,100 பேர் செத்தார்கள். நியூகாசில், குயின்பரோ, புரொடெக்டர் ஆகியவை நகருக்குத் தெற்கே, இன்றைய வீராம்பட்டினம் பக்கத்துக் கரையில் அடித்துத் தள்ளப்பட்டன. மணலில் ஏறியவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டார்கள் என்பது கவனிக்க வேண்டியது. நங்கூரத்தை நம்பியவன் மூழ்கினான், கரையில் மோதியவன் பிழைத்தான். ஒரு வாரத்துக்குள் வேறு கப்பல்கள் வந்து முற்றுகை தொடர்ந்தது. ஜனவரி நடுவில் நகரம் சரணடைந்தது. இருபது ஆண்டு கழித்தும் பழக்கம் மாறவில்லை. 1782-ல் இந்தக் கரை முழுக்க ஒருவரையொருவர் துரத்திய ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரனும் அக்டோபர் வந்ததும் சண்டையை நிறுத்திக்கொண்டு ஆளுக்கொரு திசையில் ஒதுங்கினார்கள். ஹியூஸ் பம்பாய்க்கு, சஃப்ரன் சுமத்திராவின் அச்சேவுக்கு. பம்பாயில் உலர்துறை இருந்தது. கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை வடித்து, அடிப்பாகத்தைப் பார்க்கலாம். ஒதுங்கும் காலமும் பழுதுபார்க்கும் காலமும் ஒன்றாக இருந்ததற்குக் காரணம் இதுதான். காற்று வேலையை நிறுத்தியது, நின்ற நேரத்தில் கலம் திருத்தப்பட்டது.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாக எழும். ஐப்பசிக் கணக்கு அப்படி ஒன்றும் நம்பத்தக்கதாக இல்லையே? 1761-ன் புயல் வந்தபோது துறை திறந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. 1749-ல் நாமுர் என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு அருகே 500 பேருக்கு மேல் பலிகொடுத்து உடைந்தது ஏப்ரலில். உண்மைதான். வங்காள விரிகுடாவில் புயல் இல்லாத மாதம் என்று எதையும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் கொடி இறக்கிய வழக்கத்தின் பலம் அதன் துல்லியத்தில் இல்லை. அது ஒரு பேரத்தின் எல்லை: இந்தத் தேதிக்கு மேல் நின்றால் நஷ்டம் உன்னுடையது. காப்பீடு, படைத் திட்டம், சரக்கு ஒப்பந்தம் எல்லாம் அந்த எல்லையை நம்பி எழுதப்பட்டன. கப்பல்காரனை விரட்டியது புயலின் நிச்சயம் அல்ல, கப்பலின் விலை. அதே ஐப்பசியில், அதே கரையில், கட்டுமரக்காரர் அலை ஓய்ந்த விடியலில் போய் வந்தார். இழக்க அவரிடம் சில மரங்களும் ஒரு வலையுமே இருந்தன. உயிர் இருந்ததே என்றால், ஆம், இருந்தது. அதற்கு அந்தக் காலத்தில் யாரும் காப்பீடு எழுதவில்லை.

இன்ஜின் வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாயிற்று. 1952-ல் கேரளத்தின் நீண்டகரையில் இந்திய-நார்வே மீன்பிடித் திட்டம் தொடங்கிய பிறகு விசைப்படகு இரண்டு கரைகளிலும் பரவியது. 2004 சுனாமிக்குப் பின் குப்பங்களில் கட்டுமரம் இருந்த இடத்தைப் பைபர் படகு பெருமளவு பிடித்துக்கொண்டது. விசைப்படகு காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் சில மணி நேரத்தில் ஆற்றுக்குள் வந்துவிடும். அதை அரிப்பவை வேறு: உப்புத் தண்ணீர், அடியில் ஒட்டும் பாசியும் சிப்பியும், கப்பல் புழு, துரு. இவற்றில் எதற்கும் ஐப்பசி தெரியாது, சித்திரையும் தெரியாது. ஆண்டு முழுவதும் வேலை செய்கின்றன. குளிர் நாடுகளோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் தெளிவாகும். 1959-ல் வோல்வோ பென்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இயக்கமுறை உள்ள படகில் இன்ஜின் உள்ளே இருக்கும், புரொப்பெல்லர் உள்ள கால் மட்டும் பின்பலகைக்கு வெளியே தொங்கும். அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் இலையுதிர் காலம் வந்தால் அதன் உரிமையாளர் இன்ஜினில் தேங்கிய தண்ணீரைச் சொட்டு விடாமல் வடித்தாக வேண்டும். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கும். வார்ப்பிரும்பு அதைத் தாங்காது, வெடிக்கும். அங்கே ஓய்வு நாளைத் தெர்மாமீட்டர் குறிக்கிறது, யாரும் விவாதிக்க முடியாது. புதுச்சேரி இன்ஜினுக்குத் தண்ணீர் உறையும் பயம் ஒருபோதும் இல்லை. அந்தப் படகின் பராமரிப்புக் கையேட்டின் மறுபாதி மட்டும் இங்கேயும் செல்லும்: குளிர்விக்கும் குழாய்களில் நல்ல தண்ணீர் ஓட்டி உப்பைக் கழுவு, கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அறி, கரைந்துபோன துத்தநாகக் கட்டியை மாற்று. ஆண்டுக்கு ஒருமுறை செய்தாக வேண்டும். எந்த மாதம் என்பது இங்கே உன் இஷ்டம்.

எந்த மாதமும் செல்லும் என்றால் சித்திரைக்கு மட்டும் என்ன தகுதி? வேலை செய்பவர்கள் பக்கமிருந்து பார்த்தால் கொஞ்சம் தகுதி உண்டு, கொஞ்சம் தொந்தரவும் உண்டு. பைபர் ஒட்டுவதற்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் பிசின் சரியாக இறுகாது, சாயம் உரியும். சித்திரை வெயிலில் அடி காய்ந்து கல்லாக இருக்கும். சுரண்டவும் தேய்க்கவும் பூசவும் தோதான நேரம். ஆனால் மரப்படகு வேறு சாதி. ஒரு வருடம் தண்ணீரில் ஊறிய பலகையைக் கரையேற்றி வெயிலில் நிறுத்தினால் சுருங்கும், இணைப்பு வாய் திறக்கும். படகு கட்டும் ஓடாவி அந்த இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்துப் புகுத்தும்போது கையை அடக்க வேண்டும். இன்றைக்கு இடுக்கு விரல் நுழையும் அளவு தெரிகிறதே என்று இறுக்கி நிரப்பினால், கடலில் இறங்கியதும் பலகை ஊறிப் பெருக்கும், திரிக்கு இடம் இல்லாமல் பலகையே நெளியும், ஆணி தளரும். குறைவாக வைத்தால் அடிமரமான ஏராவை ஒட்டி நீர் கசியும். அதனால்தான் வெயில் படும் பக்கத்தில் ஓலையோ சாக்கோ தொங்கவிட்டு மரத்தை மெதுவாகக் காய வைக்கிறார்கள். படகு இறங்கிய முதல் சில நாட்கள் பம்பு ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் புதியவர் பயப்படலாம்; பலகை ஊறும் வரை அது வழக்கம்தான். மரப்படகைக் கேட்டிருந்தால் அது ஈரக் காற்றுள்ள மாதம் ஒன்றைத்தான் சொல்லியிருக்கும். அதை யாரும் கேட்கவில்லை.

கேட்டது மீனை. தமிழகத்தில் 2001 முதல் 45 நாளாக இருந்த தடை 2017-ல் 61 நாளாக நீண்டது. இந்த மாதங்களில் மீன் இனப்பெருக்கம் செய்கிறது என்பது அரசு சொல்லும் காரணம். ஆகவே தடைக்காலத்தைப் படகின் ஓய்வு வரலாற்றில் சேர்ப்பதே தவறு, அது மீன்வளச் சட்டத்தின் கதை என்று ஒருவர் வாதிடலாம். தடையின் நோக்கம் மீன்தான், மறுக்கவில்லை. ஆனால் யாருக்குத் தடை, யாருக்கு விலக்கு என்று பார்க்க வேண்டும். புதுச்சேரி உத்தரவு கட்டுமரத்தையும் நாட்டுப்படகையும் விட்டுவிடுகிறது. இழுவலை போடும் விசைப்படகைத்தான் முதன்மையாகப் பிடித்து நிறுத்துகிறது. தினமும் கரையில் காய்ந்து தானாக ஓய்வெடுக்கும் கலத்துக்குச் சட்ட ஓய்வு தேவையில்லை. நிறுத்தாவிட்டால் நிற்காத கலத்துக்கு மட்டும் தேவை. இன்னொரு சான்று அதே அரசின் இன்னொரு துண்டு நிலத்தில் கிடைக்கிறது. புதுச்சேரி, காரைக்கால், ஏனாமுக்குத் தடை சித்திரையில். மேற்குக் கரையில் உள்ள மாஹேவுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கொதிக்க வைக்கும் மாதங்கள் அவை. அங்கே மீனின் காலமும் காற்றின் காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஆகையால் தடை வந்தபோது மாஹேக்காரர் வாழ்க்கையில் மாதம் மாறவில்லை, பெயர்தான் மாறியது. கிழக்குக் கரையில் இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. பாய்மரக் காலத்தில் சித்திரையில் கலங்களை நிறுத்தச் சொல்லியிருந்தால், ஏற்கெனவே காற்று இரண்டு மாதம் பறித்துக்கொண்ட கப்பல்காரன் மேலும் இரண்டு மாதம் இழந்திருப்பான், யார் கேட்டிருப்பார்கள்? ஐப்பசியிலும் ஓடக்கூடிய இன்ஜின் இருந்ததால்தான் சித்திரையை விட்டுக்கொடுக்க முடிந்தது.

விட்டுக்கொடுத்ததில் ஒரு வில்லங்கமும் இருந்தது. ஓய்வைச் சித்திரைக்கு மாற்றியதால் ஐப்பசி அமைதியாகிவிடவில்லை. புதுச்சேரி அரசு தடைக்கால நிவாரணம் ஒன்று, மழைக்கால நிவாரணம் ஒன்று என்று மீனவக் குடும்பங்களுக்கு இரண்டு தொகை தருகிறது. கடல் இரண்டு முறை மூடுகிறது என்று அரசே ஒப்புக்கொள்கிறது. ஆனால் முதல் மூடுகைக்குத் தேதி உண்டு. இரண்டாவதற்கு வானிலை எச்சரிக்கைதான் தேதி. இன்று போகாதே, நாளை பார்க்கலாம். தேதி இல்லாத ஓய்வில் யாரும் இன்ஜினைப் பிரிப்பதில்லை, படகை மேட்டில் ஏற்றுவதில்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஒன்றோடு ஒன்று உரசக் கட்டி வைக்கிறார்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தது இந்தக் கரையில்தான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்தபோது ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த முறை ஆபத்து கடலிலிருந்து மட்டும் வரவில்லை. சங்கராபரணி வில்லியனூரைத் தாண்டி வெள்ளமாக இறங்கியது. சாத்தனூர் அணை திறந்ததில், தெற்கே தென்பெண்ணை பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. கப்பல்கள் நுழைய முடியாத ஆறு, அரிக்கமேட்டுக் காலத்தில் அடைக்கலமாக இருந்த அரியாங்குப்பம் ஆறு, படகு கட்டியிருக்கும்போதே முதுகுப் பக்கமிருந்து தள்ளுகிறது. பழைய கப்பல் தலைவர்களுக்கு ஒரு திசையில்தான் பயம்.

ஆற்றுக்குப் போக முடியாத பைபர் படகுகளுக்கு மணல்தான் துறைமுகம். பாகூர் கொம்யூனின் கடற்கரைக் குப்பங்களான நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பத்தில் எச்சரிக்கை வந்தால் ஆட்கள் சேர்ந்து தள்ளியோ டிராக்டரில் கட்டி இழுத்தோ படகை மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்கு அங்கே இன்னும் மணல் இருக்கிறது. இந்தக் கரையில் மணல் ஆண்டின் மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டிக் கட்டிய தடுப்பு அந்த நடையை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரையும் அதற்கு அப்பால் வைத்திக்குப்பம், சோலை நகர் போன்ற குப்பங்களும் மணலை இழந்து பாறைச் சுவருக்குப் பின்னால் ஒடுங்கின. பாறை மேல் படகை இழுக்க முடியாது. விசைப்படகுக்கு வசதி செய்யக் கட்டிய துறைமுகம், இழுத்துக் கரையேற்றும் படகின் இடத்தைப் பறித்தது. தடைக்காலத்தின் 61 நாளைப் பற்றி ஆண்டுதோறும் பேச்சு நடக்கிறது, நிவாரணத் தொகையைக் கூட்டிக் கேட்கிறார்கள். வடக்குக் குப்பத்துப் படகு கார்த்திகையில் எந்த மணலில் ஏறும் என்பதற்கு எந்த அரசாணையிலும் இடம் குறிக்கப்படவில்லை.